எங்கள் மெக்கானிக்குக்கும் வழி விடுங்கள்: பிக்கப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு சரக்கு வண்டிகளும் பிக்கப்புகளும் தயாரிக்கும் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

நான் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை நம்பி வண்டி ஓட்டுகிறவன். பகலில் தோட்டத்துக் காய் மார்க்கெட்டுக்கு வரும். வியாபாரம், எடை, லோடு எல்லாம் முடிந்ததும் ராத்திரியே பாலக்காடு, திருச்சூர் பக்கம் கிளம்ப வேண்டும். சொந்த வண்டிதான், ஆனால் வண்டிக் கடனுக்கு மாதாமாதம் டியூ ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஸ்டாண்டில் நிற்கும் பெரும்பாலானவர்களின் நிலைமையும் இதுதான். உங்களில் ஒரு நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எல்லாருடைய வண்டியும் எங்கள் ஸ்டாண்டில் நிற்கிறது, நான் கேட்பதும் எல்லாரிடமும்தான். நீங்கள் விற்ற வண்டியை எங்கள் ஊர் மெக்கானிக் பழுது பார்க்க வழி விடுங்கள்.

எங்கள் ஆட்கள் லேசில் கம்பெனி மாற மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா டாடா 207 ஓட்டியிருப்பார், மகனும் அதே கம்பெனி வண்டியைத்தான் எடுப்பான். பொலேரோ பிக்கப் வைத்திருப்பவர் அடுத்ததும் பொலேரோதான் என்பார். அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-இல் வந்தபோது, ஓசூரில் செய்கிற நம்ம ஊர் வண்டி என்று எடுத்தவர்கள் இன்றைக்கும் அதை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டார்கள். எந்தக் கம்பெனி வண்டி நல்ல வண்டி என்று டீக்கடையில் ஆரம்பித்த வாக்குவாதம் முற்றி, பேச்சு நின்றுபோன பங்காளிகள் எங்கள் ஊரில் உண்டு.

இந்தப் பற்று விளம்பரத்தால் வந்தது இல்லை. டாடா ஏஸ் 2005-இல் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் லோடு. லாரி நுழைய முடியாத சந்துக்குள் போனது, மூன்று சக்கர வண்டி திணறிய மேட்டில் ஏறியது. ஜனங்கள் அதைக் குட்டி யானை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு எந்தக் கம்பெனியின் சின்ன வண்டியாக இருந்தாலும் "ஒரு குட்டி யானை பிடிச்சிட்டு வா" என்றுதான் சொல்கிறார்கள். அந்த இன்ஜின் சத்தம் போடும், அதிரும். ஆனாலும் அதை நம்பி வீட்டு நகையை அடகு வைத்தார்கள். ஏனென்றால் நின்றால் எங்கே நின்றாலும் பக்கத்து ஊரில் அதைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். சாமான் கடையில் அதன் சாமான் தொங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் வண்டி வாங்கும் முறையே அப்படித்தான். ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் பட்டறைக்குப் போவோம். "அண்ணே, இந்த வண்டி எடுக்கலாமா?" என்று கேட்போம். அவர் மைலேஜைப் பற்றிப் பேச மாட்டார். கிளட்ச் மாற்ற எத்தனை மணி நேரம் ஆகும், பின் சக்கரத்துக்குப் போகும் தண்டின் கிராஸ் போனால் சாமான் இங்கேயே கிடைக்குமா, திண்டுக்கல் போக வேண்டுமா, அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டை உடைந்தால் லோக்கலில் கட்ட முடியுமா, ஐந்து வருஷம் கழித்து விற்றால் வாங்க ஆள் வருவானா, இதைத்தான் சொல்வார். அவர் தலையாட்டினால் அந்தக் கம்பெனி. அவர் உதட்டைப் பிதுக்கினால் நீங்கள் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்க மாட்டோம். உங்கள் பெயரின் மேல் எங்களுக்கு இருக்கிற நம்பிக்கையில் பெரும் பங்கு அவர் சம்பாதித்துக் கொடுத்தது.

லோடு ஏற்றிய பிறகு வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதை உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தக்காளி 14 கிலோ பெட்டிகளில் அடுக்கியிருக்கும். விடிவதற்குள் கேரளா மார்க்கெட்டில் இறங்கினால் ஒரு விலை, வெயில் ஏறிய பிறகு இறங்கினால் வேறு விலை. அடிப்பெட்டியில் தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டால் கமிஷன் மண்டிக்காரர் போனில் கேட்கும் முதல் கேள்வியே யார் கழிவை ஏற்றுக்கொள்வது என்பதுதான். வாடகை போகும், சில நேரம் சரக்குக்கும் நாங்களே ஈடு கட்ட வேண்டியிருக்கும். அடுத்த தடவை அந்த வியாபாரி வேறு வண்டியைக் கூப்பிடுவார். இதில் எதுவும் உங்கள் வாரண்டி அட்டையில் வராது.

இப்போது என்ன மாறிவிட்டது என்பதற்கு வருகிறேன்.

2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. பிஎஸ்4-இலிருந்து பிஎஸ்5-ஐத் தாண்டி நேராக 6-க்குப் போனோம். டீசலில் இருக்கலாம் என்று விட்டிருந்த கந்தகம் 50 பிபிஎம்-இலிருந்து 10-க்கு இறங்கியது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். லோடு இறக்க வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிற வண்டியின் புகையை மணிக்கணக்கில் சுவாசிக்கிறவர்கள் நாங்கள்தான். மார்க்கெட் வாசலில் இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அதே காற்றுதான். ஆகவே பழைய புகை வண்டியே வேண்டும் என்று நான் கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம்.

புதிய டீசல் வண்டிகளில் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. விறகடுப்புப் புகைக்கூண்டில் கரி படிகிற மாதிரி அதற்குள் கரி படியும். படிந்ததை எரித்துச் சாம்பலாக்க உள்ளே கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு ஏற வேண்டும். ரோட்டில் நிற்காமல் ஓரளவு வேகத்தில் கொஞ்ச நேரம் போனால் அது தானாக நடந்துவிடும். ராத்திரி திருச்சூர் போகிற வண்டிக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுக் காய் ஏற்றும் வண்டிக்குத்தான் கரி அடைக்கிறது.

எங்கள் ஸ்டாண்டில் அண்ணன் தம்பி இருவர் ஒரே மாடலை ஒரே சமயத்தில் எடுத்தார்கள். அண்ணன் கேரளா லைன், தம்பி தோட்டத்து லைன். அண்ணன் வண்டி முணுமுணுக்காமல் ஓடுகிறது. தம்பி வண்டியில் மஞ்சள் விளக்கு எரியும், அணையும், மறுபடி எரியும், கடைசியில் இழுவை இல்லாமல் ஊர ஆரம்பிக்கும். அண்ணன் அந்தக் கம்பெனியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறார், தம்பி இனி அந்தப் பக்கமே தலை வைக்க மாட்டேன் என்கிறான். இரண்டு பேர் சொல்வதிலும் பொய் இல்லை. விற்கும்போது "தம்பி, உங்களுக்கு எந்த லைன்?" என்று ஷோரூமில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். சின்ன ஓட்டத்துக்குப் பெட்ரோலோ சிஎன்ஜியோ எடுங்கள் என்று சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான். யாரும் கேட்கவில்லை. அந்த மாதக் கணக்கில் ஒரு வண்டி கூடியது, உங்களுக்குக் காலத்துக்கும் ஒரு வாடிக்கையாளர் குறைந்தான்.

அந்தத் தம்பியின் வண்டி பட்டறைக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். எங்கள் மெக்கானிக் அண்ணன் திருப்புளியின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லக்கூடியவர். ஆயில் குச்சியை உருவினார், துடைத்தார், மறுபடி விட்டு உருவினார். ஆயில் குறைய வேண்டிய இடத்தில் மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. இரண்டு விரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார். "டீசல் இறங்கியிருக்கு. கரியை எரிக்க வண்டி டீசலைக் கூட அடிக்குது, எரிஞ்சு முடியறதுக்குள்ள இவன் நிறுத்திடறான். மிச்சம் ஆயில்ல இறங்குது. இப்படியே ஓட்டினா இன்ஜினே போயிடும்" என்றார். நோய் என்ன என்று எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடித்துவிட்டார். மருந்தும் தெரியும். ஆயிலை மாற்றிவிட்டு, நிறுத்திய இடத்திலேயே கரியை எரிக்கச் சொல்லி வண்டியின் கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுக்க வேண்டும். அந்த உத்தரவு கொடுக்கும் சாஃப்ட்வேர் அவரிடம் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் அவர் காசு போட்டு வாங்கிய ஸ்கேனரைச் செருகினால் பிழை எண் மட்டும் வருகிறது. அதற்கு மேல் கதவு சாத்தியிருக்கிறது. "எனக்கு இதுல கை வைக்க வழியில்லப்பா" என்று அவர் சொன்னதை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரின் கதையும் இதேதான். புது இன்ஜெக்டரின் தலையில் ஒரு எண் அச்சடித்திருக்கும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் டீசல் அளவு சரியாக வரும். மாட்டுவது அரை நாள் வேலை, எங்கள் ஊரிலேயே முடியும். அந்த எண்ணை ஏற்றுவதற்காக வண்டியை டவுனுக்குக் கட்டி இழுக்க வேண்டும். அங்கே வரிசையில் நின்று, முன்பணம் கட்டி, சாமான் வரும் என்று காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் டியூ காத்திருக்காது.

இதனால் என்ன நடக்கிறது தெரியுமா? வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வெல்டிங் வைத்துத் தருகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரை ஏமாற்றிக் கொடுக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது மாட்டிக்கொள்ளும், புகை திரும்பவும் எங்கள் நெஞ்சுக்கே வரும். செய்யாதே என்று நான் ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் புது வடிகட்டியின் விலை பல மாத டியூவை விழுங்கும் என்று தெரிந்தவன், முறையாகச் சுத்தம் செய்ய ஊரில் வழியில்லாதபோது, அந்த வெல்டிங் கடையைத் தேடிப் போகிறான். நல்ல மெக்கானிக்குக்குக் கதவைச் சாத்தினீர்கள், அந்த இடத்துக்குக் கெட்ட ஆள் வந்துவிட்டான். காற்றைச் சுத்தமாக்க அரசு போட்ட சட்டம் எங்கள் ரோட்டில் தோற்பதற்கு இது ஒரு காரணம்.

இது எங்கள் ஊர் ஆசை மட்டும் இல்லை. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. அன்றைக்கு எழுந்த கேள்வி சரக்கு வண்டிக்கும் அப்படியே பொருந்தும். 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென்று ஓர் இணையதளமும் திறந்தது. அந்தக் குழு எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் விவசாயக் கருவிகளும் உண்டு. கஸ்டமர் கேர் எண்ணும் பொதுவான குறிப்புகளும் போட்டுவிட்டு அதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

நான் கேட்பது இதைத்தான். நியாயமான கட்டணத்துக்கு, அடையாளம் காட்டிப் பதிவு செய்துகொள்கிற எந்த மெக்கானிக்குக்கும் உங்கள் ஸ்கேனர் சாஃப்ட்வேரைக் கொடுங்கள். திருட்டைத் தடுக்கும் சாவிப் பூட்டு வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது நியாயம். கரியை எரிப்பது, இன்ஜெக்டர் எண் ஏற்றுவது, சென்சார் மாற்றியதைப் பதிவது, இவற்றைப் பூட்டி வைக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஒரிஜினல் சாமான் டீலரின் கவுன்டரோடு நிற்காமல் ஊர்ச் சாமான் கடை வரை வரட்டும். அங்கே அது இல்லாததால்தான் டூப்ளிகேட் விற்கிறது. புகையைச் சுத்தப்படுத்த யூரியா கரைசல் ஊற்ற வேண்டிய மாடல்களில், அதில் 32.5 சதவீதம்தான் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர், வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் மொத்த அமைப்பும் பாழாகும் என்பதை டேங்க் மூடியிலேயே தமிழில் ஒட்டுங்கள்.

வண்டியோடு வரும் புத்தகமும் தமிழில் வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும், கரி எரிந்துகொண்டிருக்கும்போது ஏன் வண்டியை நிறுத்தக் கூடாது, சாம்பல் குறைவான ஆயிலைத்தான் ஏன் ஊற்ற வேண்டும் என்பது ஓட்டுகிறவனுக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். அதைப் படித்துக் கேட்காமல் போகிற அளவுக்கு நாங்கள் பொறுப்பற்றவர்கள் இல்லை. கிரீஸ் அடிக்கிற நாளையும் பட்டைக்கு யூ போல்ட் இறுக்குகிற நாளையும் மறக்காதவர்கள்தான்.

அப்புறம், வருஷத்துக்கு ஒரு முறையாவது உங்கள் பயிற்சியாளரை ஒட்டன்சத்திரம் மாதிரி ஊர்களுக்கு அனுப்புங்கள். டீலரின் ஆட்களுக்குக் கொடுக்கிற அதே வகுப்பை வெளிப் பட்டறைக்காரர்களுக்கும் கொடுங்கள். சனிக்கிழமையோ ஞாயிறோ, எந்த நாள் என்று சொன்னால் போதும். இடம் நாங்கள் பார்த்துத் தருகிறோம், கரி அடைத்த வண்டியும் நிற்கும். முதல் வரிசையில் எங்கள் மெக்கானிக் அண்ணன் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். அந்த வகுப்பை முதலில் நடத்துகிற நிறுவனத்தின் வண்டியைத்தான் என் அடுத்த வண்டியாக எடுப்பேன்.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு பிக்கப் உரிமையாளர், ஓட்டுநர்