லாண்ட்மாஸ்டரில் தப்பிய போதகர்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்புள்ள மகளுக்கு,

உன் நாவல் வந்து சேர்ந்தது. மாமி கனடாவிலிருந்து வரும்போது சொக்லேட்டுக்கும் சோப்புக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தா. 212 பக்கத்தையும் நாலு இரவில் முடித்தேன். அம்மாவுக்குக் கண் சரியில்லாததால் பாதிக்கு மேல் உரத்து வாசித்தேன். 'உள்ளதைச் சொல்லுங்கோ அப்பா' என்று கேட்டிருந்தாய். சரி, சொல்கிறேன்.

முதலில் அந்த லாண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு மெஷின். மணல் கடத்துகிறவர்கள் துரத்த, உன் கதாநாயகன், அந்தப் போதகர், ஓடிப்போய் ஏறி, திறப்பைத் திருப்பி, பிக்கப்பை முந்திக்கொண்டு பறக்கிறார். பிள்ளை, எங்கள் வளவில் நின்ற லாண்ட்மாஸ்டருக்குத் திறப்பா இருந்தது? குனிந்து ஹாண்டிலைச் செருகி, மூச்சு வாங்கச் சுற்றி, அது புகை கக்கிப் பிடிப்பதற்குள் துரத்தி வந்தவன் தேத்தண்ணியும் குடித்திருப்பான். பின்னால் இழுவைப் பெட்டியோடு வெளிக்கிட்டால் சைக்கிள்காரன் முந்துவான். ஆனால் இருட்டில் அவர் ஹாண்டிலைச் சுற்றுகிறார், எஞ்சின் பிடிக்கவில்லை, பிக்கப் வெளிச்சம் கிட்ட வருகிறது, கை வேர்த்து வழுக்குகிறது என்று எழுதியிருந்தாய் என்றால் நான் அன்றிரவு படுத்திருக்க மாட்டேன்.

இரணைமடுக் குளத்தில் குதிக்கிற இடமும் அப்படித்தான். மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குச் சனம் போகிற நாள் என்று நீயே எழுதுகிறாய். சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு, குளம் வற்றிக் கிடக்கிற காலம். அணைக்கட்டிலிருந்து குதித்தால் சேற்றில்தான் விழுவார். 2018 மார்கழியில் வான்கதவுகள் திறந்து ஊரே வெள்ளத்தில் நின்றதே, அப்படி ஒரு மாதத்தை எடு. அப்போது குதிக்கத்தான் அவருக்கு மனம் வருமா என்று பார்ப்போம்.

தோளில் சன்னம் பட்ட பிறகும் விடிய விடிய ஓடுகிறார். உன் மாமாவுக்கு யுத்தத்தில், மாத்தளனில் வைத்து, தோளில் செல் பீஸ் பட்டது. இன்றைக்கும் அவர் சட்டைப் பொத்தானை இடக்கையால்தான் பூட்டுகிறார். அந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

இதெல்லாம் திருத்தக்கூடியவை. எனக்குப் பெரிய குறை போதகர்தான். அந்த மனிசனுக்குப் பயமே இல்லை. அவர் பயப்படாவிட்டால் அவருக்காக நான் எப்படிப் பயப்படுவது? ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி ஜெபிக்கிறார், எதிரியின் துவக்கு வெடிக்காமல் போகிறது. மூன்றாவது முறை அம்மா சிரித்துவிட்டா. கடத்தல் முதலாளி அரைப் பக்கத்தில் மனந்திரும்புகிறான். 2009 இல், யுத்தத்தின் கடைசி நாட்களில், உனக்கு எட்டு வயது. பங்கருக்குள் 'இயேசப்பா' என்று சொல்லிக்கொண்டே என் சட்டையை ஈரமாக்கின பிள்ளை நீ. விசுவாசம் இருந்தால் கை நடுங்காது என்று உனக்கு யார் சொன்னது?

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 23 ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. நாற்பது பேருக்கு மேல், பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதும் இல்லை, குடிப்பதும் இல்லை என்று சபதம் எடுக்கிறார்கள். முந்தின இரவுதான் ஆண்டவர் பக்கத்தில் நின்று 'திடன்கொள்' என்றிருக்கிறார். அதைக் கேட்ட மனிசன் சும்மா இருந்தாரா? சதியைக் கேள்விப்பட்டு ஓடிவந்த சகோதரியின் மகனை, தன்னைக் காவலில் வைத்திருக்கிற ரோமச் சேனாபதியிடம் அனுப்புகிறார். சேனாபதி அவன் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய் விசாரிக்கிறான். கையைப் பிடித்ததைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள், பார். அன்றிரவே 200 சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரரோடு பவுலைச் செசரியாவுக்கு அனுப்புகிறான். ஒரு வாள்கூட உருவப்படவில்லை. எத்தனை தரம் வாசித்தும் அந்தப் பொடியன் கோட்டைக்குள் போகிற இடத்தில் எனக்கு நெஞ்சு அடிக்கும்.

உன் எழுத்து நடை நல்லது. மழை வாற நேரம் மாடுகள் பட்டிக்குத் திரும்புகிற பக்கத்தை அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா.

அம்மாவுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 212 பக்கத்திலும் போதகரின் மனைவிக்கு ஏன் ஒரு பெயர் இல்லை? பவுலின் சகோதரி மகனுக்கும் பெயர் இல்லைத்தானே என்று நான் உனக்காக வாதாடினேன். 'அவன் ஓடிப்போய்ச் சொன்னவன். இவள் தேத்தண்ணி மட்டும்தானே ஊத்துறாள்' என்றா.

அன்புடன்,
அப்பா