ஸ்டிக்கரைப் பார்த்து வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் லேப்டாப் வாங்குவது பற்றிய கட்டுரையில், பெரிய கம்பெனிகள் போடும் பிராசஸர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். சேலம் அம்மாபேட்டையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் எனக்கு இது ஒப்பவில்லை.

கம்பெனிகள் வேகத்தைப் பார்க்காமல் இல்லை. ஆனால் கேட்ட நேரத்துக்குக் கேட்ட அளவு சரக்கு வருமா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். 1981இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெல்லின் 8088 சிப்பை எடுத்தபோது, அதைத் தயாரிக்க இன்னொரு கம்பெனியும் வேண்டும் என்று வற்புறுத்தியது. இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி உள்ளே நுழைந்தது அப்படித்தான். எங்கள் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே நூல் வியாபாரியை நம்பி யார் பாவு ஓட்டுவார்கள்?

அப்புறம் பணம். 'இன்டெல் இன்சைடு' முத்திரையோடு விளம்பரம் செய்யும் கம்பெனிகளுக்கு, 1991 முதல் அந்த விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல்லே கொடுத்துவந்தது. கீபோர்டுக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கரை ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி நினைத்து, "பிச்சிடாதீங்கண்ணா" என்று பதறுகிறவர்கள் என் கடைக்கு இன்றும் வருகிறார்கள். ஏஎம்டியின் ஆப்டெரான் சிப் 2003இலேயே வந்து சர்வர்களில் நல்ல பெயர் வாங்கிவிட்டது. டெல் அந்தப் பக்கம் திரும்பியது 2006இல்தான். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குத் தள்ளுபடி கொடுத்துப் போட்டியாளரை ஒதுக்கியதாக 2009இல் ஐரோப்பிய ஆணையம் இன்டெல்லுக்கு 106 கோடி யூரோ அபராதம் போட்டது. 2022இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே ஆணையம், ஏஎம்டி சிப் போட்ட கம்ப்யூட்டர்களைத் தாமதப்படுத்தப் பணம் கொடுத்த பகுதிக்காக மட்டும் சுமார் 37.6 கோடி யூரோ விதித்தது. ஆக, ஒரு பெட்டிக்குள் எந்த சிப் இருக்கிறது என்பதில் பேரத்துக்கும் பங்கு உண்டு. (ஆப்பிள் கதை தனி. 2020இல் சொந்த சிப்புக்கே போய்விட்டார்கள்.)

நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று. இன்டெல் பிராசஸர்களில் ஐ3, ஐ5 என்று வகைகள் உண்டு; ஆனால் ஐ5 என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஜக்கார்டு டிசைன் போடும் தம்பி ஒருவர், செகண்ட்ஸில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பழைய ஐ5 லேப்டாப்பை வாங்கி வந்தார். புது ஐ3 அதைவிட வேகமாக ஓடும். பெயருக்குப் பின்னால் வரும் எண் எந்தத் தலைமுறை என்று காட்டும். அந்த எண் யு (U) என்ற எழுத்தில் முடிந்தால் கரண்ட் குறைவாக எடுக்கும், எச் (H) என்றால் கனமான வேலைக்கு. இந்த எண்களைப் படிக்கும் விதத்தை அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டிக் கடையில் ஒட்டிவைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் கடைக்காரர்,
அம்மாபேட்டை, சேலம்.