பவளக்கல் வேண்டாம்ட்டி

ஏட்டி,

உன் மெசேஜ் பாத்தேன், வாய்ஸ் நோட்டும் கேட்டேன், ஆனா இதுக்கு ரெண்டு வரியில பதில் போட முடியாது, அதான் உக்காந்து முழுசா எழுதுறேன். அம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்குன்னு கேட்டதும் நிம்மதியா இருந்துச்சு. பெரியவ பிளஸ் டூ முடிச்சிட்டு கடல் பத்தித்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாளாமே, அது எனக்கு ரொம்ப சந்தோஷம்ட்டி, அதப் பத்தி கடைசில எழுதுறேன்.

முதல்ல கல் விஷயம். நான் மதுரைல வீட்டுக்குள்ள உப்புத்தண்ணி டேங்க் வைக்கிறேன், அதுல பவளம் வளக்கப் போறேன்னு சொன்னதும், நம்ம தூத்துக்குடில இல்லாத பவளக்கல்லா, ஒரு சாக்குல போட்டு பஸ்ல ஏத்திவிடுறேன், கூடவே நாலு கேன் கடல் தண்ணியும் அனுப்புறேன்னு சொன்ன பாரு, அந்த மனசு யாருக்கு வரும். ஆனா கல் வேண்டாம்ட்டி. பாறை கட்டுற கெட்டிப் பவளம் மொத்தமும் 2001ல வனஉயிரின பாதுகாப்புச் சட்டத்தோட முதல் பட்டியல்ல சேத்துட்டாங்க, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் இருக்கிற அதே பட்டியல். செத்துக் காஞ்ச கல்லா இருந்தாலும் எடுக்கக் கூடாது, வச்சிருக்கக் கூடாது, மாட்டுனா மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில்.

சட்டத்த விடு, சட்டம் இல்லாட்டியும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். தூத்துக்குடில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவு, 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க, ஆனா அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தனை வருஷம் அந்தக் கல்ல உடைச்சு வள்ளத்துல ஏத்தி சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீடு கட்டவும் கொண்டு போயிருக்காங்கன்னு உனக்கே தெரியும், நம்ம பழைய வீடுகள்ல சுவர் பேந்த இடத்துல பாத்தா தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா கல்லு தெரியுமே, அது அங்க இருந்து வந்ததுதான். அலையத் தடுக்கிற பவளப்பார், அதான் கடலடிப் பாறைத்திட்டு, போச்சுன்னா தீவு எப்படி நிக்கும், விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணிக்குள்ள போயிருச்சு. வான் தீவு கரைஞ்சுகிட்டே வந்து, இப்ப அதக் காப்பாத்த செயற்கைப் பார் செஞ்சு கடல்ல இறக்கியிருக்காங்க. இதெல்லாம் தெரிஞ்சுகிட்டு என் ஹால்ல ஒரு அழகுக்காக அந்தக் கல்ல வச்சுக்க எனக்கு மனசு வராது. மனுஷன் செஞ்ச காஞ்ச கல்லு கடைல கிடைக்குது, நல்லா துளை துளையா இருக்கும், அதைத்தான் வாங்கி அடுக்கியிருக்கேன். கல்லு முதல்ல, மணல் அதுக்கு அப்புறம், ஏன்னா மணலுக்கு மேல கல்ல வச்சா குழி தோண்டுற உயிர் எதாச்சும் அடில பறிச்சா கல்லு சரிஞ்சு கண்ணாடில விழும்.

அடுத்து கடல் தண்ணி. ஆழத்துல இருந்து எடுத்து வடிகட்டி சுத்தம் பண்ணி வச்சுக்க வசதி இருக்கிறவங்க அதையே பயன்படுத்துறாங்க, தப்பில்ல. ஆனா நீ கேன்ல மோந்து தரப்போறது கரைத் தண்ணி, பக்கத்துலயே துறைமுகம், அனல் மின் நிலையம், ஊர்ச் சாக்கடை, போதாததுக்கு கேன்குள்ள அடைச்சு பஸ்ல வர்றதுக்குள்ள அதுல இருக்கிற நுண்ணுயிரெல்லாம் செத்து நாற ஆரம்பிச்சிடும். அதனால உப்ப நானே கலக்குறேன்.

இங்கதான் உங்க அப்பா ஞாபகம் வந்துச்சு. உப்பளத்துல தண்ணில உப்பு எவ்வளவு ஏறியிருக்குன்னு அவங்க டிகிரி மீட்டர மிதக்கவிட்டு பாப்பாங்கல்ல, இருபத்தஞ்சு டிகிரி வந்தாத்தான் உப்பு விழும்பாங்க. கடல் தண்ணி அதே மீட்டர்ல சுமாரா மூணரை டிகிரி, என் டேங்க் கணக்குல சொன்னா நல்ல தண்ணிய ஒண்ணுன்னு வச்சு அடர்த்தி 1.025, அதாவது ஒரு லிட்டர்ல 35 கிராம் உப்பு. நம்ம ஊர் உப்பையே கரைச்சு ஊத்தினா என்னன்னு என் வீட்டுக்காரர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனா யோசிச்சுப் பாரு, பாத்தில தண்ணி சுண்டச் சுண்ட முதல்ல சுண்ணாம்பு விழுந்துரும், அப்புறம் ஜிப்சம் படியும், அதுக்கு அப்புறந்தான் உப்பு, உப்பு வாரினதும் கசப்பா மிஞ்சுற தண்ணிய வெளிய விட்ருவாங்க. அந்தக் கசப்புத் தண்ணிலதான் மெக்னீசியமும் பொட்டாசியமும் போகுது, கால்சியம் முன்னாடியே அடில படிஞ்சு போச்சு. நம்ம சமையலுக்கு எது வேண்டாம்னு உப்பளத்துல கழிக்கிறாங்களோ அதெல்லாம் பவளத்துக்கு கட்டாயம் வேணும், கால்சியம் இல்லாம அது எதை வச்சு கூடு கட்டும். அதனால ரீஃப் சால்ட்னு தனியா விக்கிறாங்க, கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், மெக்னீசியம் 1300 கிட்ட வர்ற மாதிரி எல்லாம் சேந்தே இருக்கும். விலை ஜாஸ்திதான், ஆனா இதுல மிச்சம் புடிக்கவே கூடாது.

உப்பு மட்டும் நல்லதா இருந்தா பத்தாது, கரைக்கிற தண்ணில ஒண்ணுமே இருக்கக் கூடாது. எங்க போர் தண்ணி எவ்வளவு கடினம்னு பாத்திரத்துல படியுற வெள்ளையப் பாத்தாலே தெரியும். கிச்சன்ல இருக்கிற ஆர்ஓ மெஷினும் ஆகாது, குடிக்க ருசி வேணும்னு கொஞ்சம் மினரல விட்டுத்தான் தரும், அதுக்கு அப்புறம் மிச்ச உப்பையும் உறிஞ்சுற டிஐ ரெசின்னு ஒரு குழாய் மாட்டி, கரைஞ்சிருக்கிறத அளக்கிற டிடிஎஸ் மீட்டர்ல சைபர் காட்டுற வரைக்கும் வடிகட்டணும். சைபர் இல்லாட்டி அந்த மிச்சத்துல பாசி புடிச்சு ஆட்டம் காட்டும்.

டேங்க் ரெண்டடி நீளம், ஒரடி அகலம், ஒண்ணேகாலடி உயரம், எழுபது லிட்டர் புடிக்கும். சின்னதா ஆரம்பிச்சா சுலபம்னு எல்லாரும் நினைக்கிறாங்க, நிஜத்துல சின்ன டேங்க்தான்ட்டி கஷ்டம். பெரிய டேங்க்ல ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் தண்ணி தாங்கும், இதுல ஒரு ராத்திரில கெட்டுரும். சூடும் அப்படித்தான், உப்பும் அப்படித்தான். தண்ணி ஆவியாகும்போது உப்பு மேல போகாது, தண்ணி மட்டும்தான் போகும், அப்ப மிச்ச தண்ணில உப்பு ஏறிகிட்டே இருக்கும், மதுரை வெயிலுக்கு ஃபேனும் போட்டா தினமும் ஒரு லிட்டருக்கு மேல காணாமப் போகுது. அத ஈடுகட்ட உப்புத் தண்ணி ஊத்தக் கூடாது, நல்ல தண்ணிதான் ஊத்தணும். கண்ணாடில ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், மட்டம் அந்தக் கோட்டுக்குக் கீழ இறங்குனா ஒரு சின்ன மோட்டார் தானா தண்ணிய விடும். அந்த ஒரு கோடு அசையாம நிக்குதான்னு காலைல எந்திரிச்சதும் பாக்கிறேன், மீன் இருக்கான்னு கூட அப்புறந்தான் பாப்பேன்.

சூடு இன்னொரு தலைவலி. பவளத்துக்கு 25, 26 டிகிரி வேணும், இங்க மதுரைல ஏப்ரல் மே மாசம் வீட்டுக்குள்ளயே 35 தாண்டும். தண்ணி மேல ஃபேன் அடிச்சா ரெண்டு மூணு டிகிரி குறையும், மிச்சத்துக்கு சில்லர் வாங்காம முடியல, டேங்க், லைட், கல் எல்லாத்தையும் விட செலவு அதுக்குத்தான். கரண்ட் போனா என்ன பண்றதுன்னு பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணும் இருக்கு. ஆனா இந்த சில்லர் ஓடுற சத்தம் கேக்கும்போதெல்லாம் நம்ம கடல் ஞாபகம் வருதுட்டி. பவளத்தோட உடம்புக்குள்ள ஒரு நுண்பாசி குடியிருக்கு, அது வெயில வாங்கி சமைச்சுப் போடுற சாப்பாட்டுலதான் பவளம் பெரும்பாலும் வாழுது, சூடு வழக்கத்துக்கு மேல ஒண்ணு ரெண்டு டிகிரி ஏறி வாரக்கணக்குல நின்னா அந்தப் பாசிய வெளிய தள்ளிரும், வெள்ளையா போயிரும், அப்படியே பட்டினில சாகும். 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடால கோடைல அப்படித்தான் வெளுத்துச்சு. நான் இங்க எழுபது லிட்டர குளிர வைக்க இவ்வளவு பாடு படுறேன்.

இப்ப நீ கேட்டதுக்கு வாரேன், டேங்க் வாங்கி இவ்வளவு நாளாச்சு இன்னும் மீனக் காணோமேன்னு கேட்டல்ல. தண்ணி ஊத்துனதும் மீன விடக் கூடாது. மீன் போடுற கழிவு அமோனியா, அது விஷம். அதத் தின்னு நைட்ரைட்டா மாத்த ஒரு பாக்டீரியா, அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்த இன்னொண்ணு, இது ரெண்டும் கல்லுலயும் மணல்லயும் குடியேறணும், அதுக்கு நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் மீனுக்குப் பதிலா அமோனியம் குளோரைடு சொட்டு விட்டு அந்த பாக்டீரியாவுக்கு தீனி போட்டேன், ஈயம் பூசுறவங்க வச்சிருப்பாங்களே நவச்சாரம், அதுதான், ஆனா இது சுத்தமான லேப் சரக்கு. சோதிக்கிற கிட்ல சின்னக் கண்ணாடிக் குழாய், அமோனியா இருந்தா பச்சை, இல்லாட்டி மஞ்சள். முதல்ல பச்சை ஏறுச்சு, அப்புறம் இறங்கும்போது நைட்ரைட் குழாய் ஊதாவாச்சு, ஒரு நாள் சாயங்காலம் சொட்டு விட்டு மறுநாள் சாயங்காலம் பாத்தா ரெண்டுமே இல்ல, நைட்ரேட் மட்டும் இருக்கு. அன்னைக்குத்தான்ட்டி இந்த டேங்குக்கு உயிர் வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன், உள்ள கண்ணுக்குத் தெரியுற உயிர் ஒண்ணுமே இல்லாதப்போ. அதுக்கு அப்புறம் கல்லெல்லாம் காப்பிக் கலர்ல படலமாச்சு, புது டேங்க் எல்லாத்துலயும் வரும், கடல் நத்தை நாலு விட்டேன், மேஞ்சு தள்ளுதுங்க.

மீனு போன வாரம் வந்துச்சு. கோமாளி மீன் ஒரு ஜோடி, ரெண்டும் தொட்டில முட்டை பொரிச்சு வளந்ததுங்க, கடல்ல புடிச்சதில்ல, இத கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் வாங்குனேன். மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல (சிஎம்எஃப்ஆர்ஐ) இந்த மீன குஞ்சு பொரிக்க வைக்கிற வேலைய எப்பவோ செஞ்சு காட்டிட்டாங்க, அப்புறம் எதுக்கு பார்ல இருந்து புடிச்சு வரணும். பையோட தண்ணியும் டேங்க் தண்ணியும் ஒண்ணா ஆகுறதுக்கு மெடிக்கல்ல குளுக்கோஸ் ஏத்துற டிரிப் செட் வாங்கி, பக்கெட்ல மீன வச்சுட்டு சொட்டுச் சொட்டா ஒரு மணி நேரம் விட்டேன். ரெண்டுல கொஞ்சம் பெருசா இருக்கிறது பொண்ணாகும், எல்லாமே ஆணாத்தான் பொறக்கும், ஜோடில பெருசு பொண்ணா மாறிக்கும். ராத்திரி லைட்ட அணைச்சா ரெண்டும் ஒரே மூலைல ஒட்டிகிட்டு தூங்குதுங்க. எங்க சின்னவன் நீல டாங் மீனும் வேணும்னு அழுதான், அது ஒரடி வளரும், ரெண்டடி டேங்க்ல அடைச்சா பாவம்னு சொல்லி புரிய வச்சேன். கடல்ல இந்த மீன் குடியிருக்கிற, பூ மாதிரி இருக்கிற உயிர் கடல் சாமந்தி, அதுவும் இப்ப கிடையாது, அது இல்லாமலே இந்த மீன் நல்லா இருக்கும், புது டேங்க்ல சாமந்தி நிக்கவே நிக்காது.

பவளம்னு பாத்தா கல்லுக்கூடு இல்லாத மெத்துப் பவளம் மட்டும்தான், மஷ்ரூமும் சோவாந்தஸும். இப்ப வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் அளவெல்லாம் ஆடாம நிக்கட்டும், அப்புறம் ஒரு துண்டு வாங்கி வைப்பேன். சோவாந்தஸ்ல ஒரு எச்சரிக்கை, சிலதுக்குள்ள பாலிடாக்ஸின்னு கொடிய விஷம் இருக்கு, வெறுங்கையால தொடக் கூடாது, வெட்டும்போது கண்ணுக்கும் கண்ணாடி போடணும், அது இருக்கிற கல்ல சுத்தம் பண்றேன்னு வெந்நீர் ஊத்தவே கூடாது, ஆவில ஏறி வீட்ல இருக்கிறவங்க ஆஸ்பத்திரி போன சம்பவங்கள் வெளிநாட்டுல நடந்திருக்கு. நீ வரும்போது புள்ளைங்ககிட்ட முதல்லயே சொல்லி வைக்கணும். கொசு ஸ்பிரேயும் அந்த ரூம்ல அடிக்கிறதில்ல.

பெரியவ விஷயம். கடல் படிக்க எங்கயோ தூரம் போகணும்னு அண்ணன் பயப்படுறார்னு எழுதியிருந்த. 1977ல இருந்து நம்ம ஊர்லயே மீன்வளக் கல்லூரி இருக்கு, பயாலஜி குரூப் எடுத்த புள்ளைக்கு பி.எஃப்.எஸ்ஸி, அதான் மீன்வள அறிவியல் டிகிரி, நல்ல படிப்பு. இல்ல கடல் உயிரியல்தான் வேணும்னா டிகிரி முடிச்சிட்டு பரங்கிப்பேட்டைல அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட சென்டர் இருக்கு, வெள்ளாத்து முகத்துவாரத்துலயே. பொண்ணு ஆசைப்படுறத தடுக்க வேண்டாம்னு அண்ணன்கிட்ட நான் பேசுறேன், என் பேச்சக் கேப்பார்.

காலாண்டு லீவுக்கு அவளையும் கூட்டிட்டு வாட்டி, ரெண்டு நாளாச்சும் இருந்துட்டுப் போங்க. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை பத்துல ஒரு பங்கு தண்ணி மாத்துறேன், அதுக்கு உப்ப சனிக்கிழமையே கலக்கி மோட்டார் ஓட விடணும், நீங்க சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துட்டா கலக்குறதுல இருந்து டெஸ்ட் எடுக்கிறது வரைக்கும் அவளையே செய்ய விடலாம். தேதி முடிவானதும் ஒரு போன் போடு, அம்மாவ விசாரிச்சதா சொல்லு.

அன்புடன்,
உன் மதுரைக்காரி