காவலர்களைத் தகர வண்டியில் அனுப்பாதீர்கள்

ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்கும், காவல்துறை ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்துக்கும், மாநிலக் காவல்துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஜனவரி 6 அன்று சத்தீஸ்கரின் பீஜப்பூர் மாவட்டத்தில், தேடுதல் பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த எட்டு வீரர்கள் அம்பேலி கிராமத்துக்கு அருகே இறந்தார்கள். சாலைக்கு அடியில் மாவோயிஸ்டுகள் புதைத்திருந்த குண்டு வெடித்தது. அவர்கள் வந்தது சாதாரண வண்டி. 2023 ஏப்ரல் 26 அன்று தந்தேவாடா மாவட்டம் அரன்பூர் பக்கம் இதே மாதிரி பத்து வீரர்கள் இறந்தார்கள். அதுவும் வாடகை வேன். 2019 மே 1 அன்று மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் பதினைந்து காவலர்கள், தனியார் வண்டியில். இந்த மூன்று சம்பவங்களிலும் வண்டியை ஓட்டியவரும் சேர்ந்தே இறந்தார். அந்த ஓட்டுநர்கள் சீருடை அணிந்தவர்கள் இல்லை, கூலிக்கு வண்டி ஓட்டியவர்கள்.

கவச வண்டியில் போயிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2018 மார்ச் 13 அன்று சுக்மாவின் கிஸ்தாராமில் கண்ணிவெடித் தடுப்பு வாகனமே வெடித்துச் சிதறி, மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் ஒன்பது பேர் இறந்தார்கள். 2012 ஜனவரியில் ஜார்க்கண்டின் கட்வா மாவட்டத்திலும் அதே ரக வண்டியில் பதின்மூன்று காவலர்கள் பலியானார்கள். இந்த வண்டிகளைச் சக்கரம் வைத்த சவப்பெட்டி என்று பேசும் நிலை அப்போதே வந்துவிட்டது. அதனால்தான் பல அதிகாரிகள், ஊருக்குள் ஓடும் வண்டி மாதிரியே ஒன்றில் போனால் எவருக்கும் தெரியாது என்று முடிவு செய்கிறார்கள். அவர்களின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் சாலையோரத்தில் ஒளிந்து, குண்டை வெடிக்க வைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவனுக்கு, காலையில் படை எந்தப் பக்கம் போனது, எப்படித் திரும்பும் என்று ஏற்கெனவே தகவல் போயிருக்கும். அவனிடம் மறைவு செல்லாது.

கண்ணிவெடித் தடுப்பு வாகனம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதன் அடிப்பாகம் படகின் அடி போல V வடிவில் இருக்கும். வெடிப்பின் வேகம் தட்டையான தரையில் நேராக மோதாமல் இரு பக்கமும் சரிந்து போகும். தென்னாப்பிரிக்காவின் கேஸ்பிர் வண்டியில் பெயர்பெற்ற அமைப்பு அது. நாமும் முதலில் அதை வாங்கினோம், பிறகு தெலங்கானாவின் மேதக் தொழிற்சாலையில் 'ஆதித்யா' என்று செய்தோம். கேஸ்பிர் சக்கரத்துக்கு அடியில் 21 கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடித்தாலும், நடுவயிற்றுக்கு அடியில் 14 கிலோ வெடித்தாலும் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. அதாவது அது ராணுவக் கண்ணிவெடிக்கு எதிரான கணக்கு. பீஜப்பூரும் தந்தேவாடாவும் சுக்மாவும் இருக்கும் பஸ்தர் பகுதியில் தார்ச் சாலைக்கு அடியில் குடைந்து வைக்கப்படும் குண்டுகளோ நாற்பது, ஐம்பது கிலோவுக்கும் மேலே போகின்றன. வண்டி உடையாவிட்டாலும் அது மேலே தூக்கி எறியப்பட்டுத் திரும்ப விழும்போது, பெல்ட் போடாதவர்களின் தலை கூரையில் மோதுகிறது, முதுகெலும்பு நொறுங்குகிறது. ஆக, வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத் தாண்டிய ஆயுதத்தின் மேல் அதை ஓட்டிவிட்டு, பிறகு கவசமே வீண் என்று முடிவு கட்டிவிட்டோம்.

என் முறையீடு முழுவதும் இதுதான்: எதிரியின் கையில் இன்று என்ன ஆயுதம் இருக்கிறதோ அதை வைத்துக் கவசத்தை முடிவு செய்யுங்கள், அதை ஆண்டுதோறும் திருத்துங்கள்.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் காமா மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்தில் ஹேமந்த் கர்கரே, அசோக் காம்டே, விஜய் சலாஸ்கர் என்ற போலீஸ் அதிகாரிகள் மூவரும் ஒரே குவாலிஸ் போலீஸ் வண்டியில் இருந்தபோது பயங்கரவாதிகள் சுட்டார்கள். ஏழு பேர் இருந்த வண்டியில் ஒரு காவலர் மட்டும் உயிரோடு மிஞ்சினார். ஏகே ரகத் தோட்டாவுக்கு அந்தக் கதவு ஒரு தடையே இல்லை. அதற்குப் பிறகுதான் மும்பை போலீசுக்கு 'மார்க்ஸ்மேன்' போன்ற கவச வண்டிகள் வந்தன. சரி, வந்தன. ஆனால் ஆயுதம் அங்கேயே நிற்கவில்லை. 2017 டிசம்பர் 31 அன்று காஷ்மீரின் லெத்போரா பயிற்சி முகாம் தாக்குதலில், குண்டு துளைக்காத கேடயத்தையே ஸ்டீல் கோர் தோட்டாக்கள், அதாவது உள்ளே கடின எஃகு வைத்த தோட்டாக்கள், துளைத்தன. கவச வண்டிகளுக்கான நேட்டோவின் ஸ்டனாக் 4569 தரத்தில் முதல் நிலை, சாதாரண ரைஃபிள் தோட்டாவைத் தாங்கினால் போதும். இரண்டாம் நிலைதான் ஏகே ரகத்தின் கவசம் துளைக்கும் தோட்டாவைத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. 'குண்டு துளைக்காத வண்டி' என்று கோப்பில் எழுதிவிட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. எந்தத் தோட்டா, எத்தனை மீட்டர் தூரம், எந்தக் கோணம் என்று ஒவ்வொரு கொள்முதலிலும் எழுதுங்கள். அந்தந்த மாநிலத்தில் பறிமுதல் செய்த தோட்டாக்களையே எடுத்துச் சோதனைத் தகட்டின் மீது சுட்டுப் பாருங்கள்.

அடுத்தது கூரை. இதுவரை அடி பக்கவாட்டிலிருந்தும் கீழேயிருந்தும் வந்தது. 2024 செப்டம்பர் 1 அன்று மணிப்பூரின் கௌத்ருக் கிராமத்தில் ட்ரோனிலிருந்து குண்டு போட்டார்கள். அடுத்த சில நாட்களில் பிஷ்ணுபூர் மாவட்டத்தில் ராக்கெட் விழுந்தது. பஞ்சாபில் 2022-இல் மொஹாலி உளவுப்பிரிவு அலுவலகத்தின் மீதும், பிறகு தர்ன் தாரனில் ஒரு காவல் நிலையத்தின் மீதும் ராக்கெட் லாஞ்சர் சுட்டார்கள். இவை போருக்கு வெளியே நடந்தவை. நம் போலீஸ் கவச வண்டிகளின் கூரை பெரும்பாலும் பக்கச் சுவரைவிட மெல்லியது, சுடுவதற்கான மேல்திறப்பு வேறு. உக்ரைனின் தோனெத்ஸ்க் பகுதியில் முதியவர்களையும் குழந்தைகளையும் வெளியேற்றும் 'வெள்ளை தேவதை' என்ற போலீஸ் குழுவினர் ட்ரோன்களிடமிருந்து தப்ப, கவச வண்டியோடு, ட்ரோனுக்கு வரும் ரேடியோ அலையை முடக்கும் ஜாமரையும் நம்பிப் போகிறார்கள். ஆனால் கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துக்கொண்டு வரும் ட்ரோனை ஜாமர் தடுக்காது. அதற்கு வலையும் கூண்டும்தான் வேண்டும். நமக்கு அந்த அளவு ஆபத்து இன்று இல்லை. என்றாலும் இனி வாங்கும் வண்டியின் கூரையில் கூண்டு பொருத்த இடமும், அதன் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கும் இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுவிடலாமே.

அந்த எடைதான் யாரும் பேசாத விஷயம். கடையில் வாங்கிய ஜீப்பில் தகட்டைப் பற்றவைத்துக் கவச வண்டி என்று அனுப்பினால், பிரேக்கும் டயரும் பழைய எடைக்குச் செய்தவையாகவே இருக்கின்றன. மழைச்சாலையில் அது கவிழ்ந்தாலே ஆள் சாவு. ஜன்னல் திறக்காத வண்டியில் ஏசி பழுதானால் கோடை நாளில் வீரர்கள் கதவைத் திறந்துவைத்துத்தான் போவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. குண்டு துளைக்காத கண்ணாடி வெயிலிலும் ஈரத்திலும் அடுக்கு விட்டுக் குமிழி கட்டும், பால் போல மங்கும். 15 ஆண்டு முடிந்த அரசு வாகனங்களை ஓரங்கட்ட வேண்டும் என்ற 2023 விதியிலிருந்து கவச வண்டிகளுக்கு விலக்கு இருக்கிறது. விலை அதிகமான வண்டி என்பதால் அது நியாயமே. ஆனால் விலக்கு கொடுத்த இடத்தில் மாற்றுச் சோதனை ஒன்று வேண்டும்: கண்ணாடியும் தகடும் இன்னும் தாங்குமா என்று குறித்த காலத்துக்கு ஒருமுறை பார்த்து, முத்திரை குத்தி, தேறாததைக் காட்டுச் சாலைக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டும்.

நான் ஆவடிக்காரன். மேதக் தொழிற்சாலையையும் உள்ளடக்கிய கவச வாகன நிறுவனத்தின் தலைமையகம் 2021-இலிருந்து எங்கள் ஊரில்தான் இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் மையமும் இங்கே உண்டு. கவசம் செய்பவர்களும் அதற்குள் உட்காரப் போகிறவர்களும் ஒரே ஊரில் காய்கறி வாங்குகிறார்கள். 2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் வெடிமருந்து ஏற்றிய கார் மோதி இறந்த அந்தப் படையின் 40 பேரில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், மற்றவர் அரியலூர் மாவட்டம். அவர்கள் போனது கவசமில்லாத பேருந்தில். அந்த அளவு வெடிமருந்து பக்கத்தில் வந்து வெடித்தால் கவசப் பேருந்தும் தாங்கியிருக்குமா என்பது சந்தேகமே. அன்று 78 வண்டிகளில் 2,500 பேருக்கும் மேல் ஒரே வரிசையாகப் போனார்கள். பிறகு காஷ்மீருக்கு விமானத்தில் போக அனுமதி தந்தீர்கள். அது எந்தத் தகட்டையும்விட நல்ல முடிவு.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வண்டிகள் குண்டும் தோட்டாவும் வரும் இடத்துக்கு மட்டுமே போகட்டும். குடிதண்ணீர் கேட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

மாவோயிஸ்ட் பிரச்சினைக்கு 2026 மார்ச் 31 என்று அரசு கெடு வைத்தது. ஆயுதமேந்தியவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதற்காக, அவர்கள் பல ஆண்டுகளாகப் புதைத்த குண்டுகள் மண்ணுக்குள்ளிருந்து போய்விடாது. புதிய வண்டிக்கு டெண்டர், சோதனை, நிதி என்று காலம் ஆகும், தெரியும். அதற்கு முன்னால் ஓர் உத்தரவு போடலாம்: சோதித்து முடிக்காத சாலையில் வாடகை வண்டியில் படையினரை ஏற்றக் கூடாது; வண்டி இல்லையென்றால் நடந்து வரட்டும், அல்லது ஹெலிகாப்டர் வரும்வரை முகாமிலேயே இருக்கட்டும். அதை மீறி அனுப்பும் அதிகாரி எழுத்தில் கையெழுத்திட்டு அனுப்பட்டும். அப்புறம், புதிய வண்டியின் சோதனைக் குழுவில் அதை ஓட்டப் போகும் காவலர்கள் சிலரையும் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஆவடியிலிருந்து ஒரு குடிமகன்