வெறுங்கலனில் பீலித் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருஷம் கங்காணியாக இருந்தவன் நான். களைக்கு மருந்து அடித்து முடிந்ததும், "கங்காணி, அந்தக் கலனைக் குடுங்களேன்" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து யாராவது வந்து நிற்பார்கள். இரண்டு தரம் அலசிக் கொடுத்துவிடுவேன். இருபது லீற்றர் கலன், மூடியோடு. பீலியில் வடியும் தண்ணீரைப் பிடித்து வைக்க அதைவிட வசதியாக லயத்தில் வேறென்ன இருக்கிறது? தங்கச்சி வீட்டிலும் ஒன்று இருந்தது. நான் கொடுத்ததுதான்.

ஒருநாள் அங்கே தேத்தண்ணி குடித்தேன். டெட்டோல் மாதிரி ஒரு வாடை. "கோப்பையை இப்பதானே அண்ணே கழுவினேன்" என்றாள். வாடை கோப்பையில் இல்லை, தண்ணீரில்.

கம்பஸில் இரசாயனம் படிக்கும் என் மகள்தான் விளக்கினாள். 2015இல் கிளைபோசேட் என்ற களைமருந்தைத் தடை செய்த பிறகு நாங்கள் அடித்த எம்.சி.பி.ஏ. என்ற களைமருந்து, குளோரின் சேர்ந்த ஒரு சேதனச் சேர்வை. செடியின் வளர்ச்சி ஓமோனைப் போல வேலை செய்யும். அகன்ற இலைக் களைகள் தாறுமாறாக வளர்ந்து, தண்டு முறுக்கிச் செத்துப்போகும். புல் இனத்தை அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் புல்லைச் செதுக்கும் சுரண்டியைக் கீழே வைக்க முடியவில்லை. கண்ணில் தெறித்தால் கடும் சேதம். வயிற்றுக்குள் போனால் இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. தண்ணீரில் நன்றாகக் கரையும், மண்ணில் அதிகம் ஒட்டாது, மழை பெய்தால் கானுக்கு, அதாவது வடிகாலுக்கு, வந்துவிடும். எங்கள் கான்களின் தண்ணீர் மவுசாகலை நீர்த்தேக்கம் வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. கொழும்பு குடிப்பது அந்தக் கங்கையைத்தான்.

அந்த வாடை, மருந்தோடு கூடவே தங்கும் குளோரோகிரேசோல் என்ற பொருளுடையது. டெட்டோலில் இருப்பதும் அதற்கு உறவுக்காரப் பொருள்தானாம். பிளாஸ்டிக்கில் ஊறியதை இரண்டு அலசல் எடுத்துவிடாது. இது தெரியாமல்தான் அத்தனை வீட்டுக்கும் கொடுத்தேன்.

ஜப்பானில் ஒரு கிலோ தேயிலைக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இந்த மருந்து இருக்கக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. 2018 அளவில் நம் தேயிலை அங்கே சிக்கலில் மாட்டியதும், எங்கள் தோட்டத்தில் அந்த மருந்து தேயிலை மலைக்குப் போவது நின்றது. கலன்கள் மட்டும் லயத்துக் காம்பரா வீடுகளிலேயே இருந்தன. காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்களத்தில் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எந்தக் களைமருந்தானாலும் கலனை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரை மருந்து டாங்கியிலேயே ஊற்றி, கலனின் அடியில் ஓட்டை போட்டு ஸ்டோருக்குத் திருப்பி எடுக்க வேண்டும். கலனைத் தயவுசெய்து யாரும் அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள், அந்தப் புகையும் நஞ்சு.

நான் கொடுத்ததில் ஒன்பது கலன்களைத் தேடியெடுத்து ஓட்டை போட்டுவிட்டேன். மூன்று வீட்டில் தர மறுத்தார்கள். "அப்ப தண்ணிய எதில புடிக்கிறது?" என்று கேட்டார்கள். தங்கச்சிக்குப் புதுக் கலன் வாங்கிக் கொடுத்தேன். லயம் முழுவதற்கும் வாங்க என்னிடம் காசில்லை. அதைத் தோட்ட நிர்வாகங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கங்காணி,
மஸ்கெலியா.