ஊருக்கு மேலே ஒரு தனியார் அணை

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவமழை நெருங்கினால் அணைகளின் ஷட்டர்களைப் பொறியாளர்கள் ஏற்றி இறக்கிப் பார்க்கும் செய்தியும் படமும் உங்கள் நாளிதழில் தவறாமல் வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் அணைக்கு அப்படி யாரும் வந்து பார்த்ததில்லை. அது ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள், பட்டா நிலத்தில், வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட மண் கரை. உயரம் நாற்பது அடிக்குள்தான், அதாவது சுமார் 12 மீட்டருக்குள்தான் இருக்கும். ஓடையோடு இறங்கி வந்தால் முதலில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், அப்புறம் அங்கன்வாடி, அதற்கும் கீழே எங்கள் தெரு.

முன்பு எஸ்டேட் ஆட்களே கரையில் புல் வெட்டுவார்கள், மழைக்கு முன் கலிங்கை, அதாவது உபரி நீர் வழிந்தோடும் வழியை, சுத்தம் செய்வார்கள். தோட்டம் கைமாறியது. இப்போது அங்கே தங்கும் விடுதியும் படகும் ஓடுகின்றன. படகுக்குத் தண்ணீர் எப்போதும் நிறைந்து நிற்க வேண்டுமே! அதனால் கலிங்கில் பலகையும் மணல் மூட்டையும் அடுக்கியிருக்கிறார்கள். மதகின் வால்வு துருப்பிடித்து இறுகிவிட்டது. கரைமேல் சில்வர் ஓக் மரங்கள் நன்றாகப் பருத்து நிற்கின்றன. பார்க்க அழகு, ஆனால் ஒரு மரம் பட்டு வேர் மக்கினால் அந்த வழியே தண்ணீர் உள்ளே புகும். கோடையிலும் பின்கரையின், அதாவது தண்ணீர் இல்லாத வெளிப்பக்கச் சரிவின், அடியில் ஒரு இடம் மட்டும் பச்சைப் பசேலென்று சொதசொதக்கிறது. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குப் பயம் இங்கேதான். மண் அணையில் கசிவு இருப்பது இயல்பு. வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறவரை கவனித்து வரலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம், அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. அது தெளிவா கலங்கலா என்று போய்ப் பார்க்கக்கூட எங்களுக்கு அனுமதி இல்லை, கேட் பூட்டியிருக்கிறது.

மனு கொடுத்தோம். ஒரு அலுவலகத்தில் தனியார் நிலம் என்றார்கள், இன்னொன்றில் எங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். இரண்டாவது பதில் பொய்யில்லை. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, ஆபத்துக்கால செயல்திட்டம் எல்லாம் உரிமையாளரின் கடமை. ஆனால் அந்தச் சட்டம் பொருந்த அணையின் உயரம் 15 மீட்டரைத் தாண்ட வேண்டும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர், வெளியேறும் அதிகபட்ச வெள்ளம் விநாடிக்கு 2,000 கன மீட்டர் ஆகியவற்றில் ஒன்றையாவது எட்ட வேண்டும். இல்லாவிட்டால் அஸ்திவாரத்தில் பெரிய சிக்கலோ வழக்கத்துக்கு மாறான வடிவமைப்போ இருக்க வேண்டும். பத்து மீட்டருக்குக் கீழே போனால் பேச்சே கிடையாது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற ஊரில் கெல்லி பார்ன்ஸ் அணை இருந்தது. ஒரு பைபிள் கல்லூரிக்குச் சொந்தமான மண் அணை. 1977 நவம்பர் 6 அதிகாலையில், மழைக்குப் பின் உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 39 பேர் இறந்தார்கள். 1973-லேயே பின்கரை ஒருமுறை சரிந்திருந்தது. கரையில் மரங்களும் இருந்தன. உயரம் சுமார் 12 மீட்டர், நீளம் 120 மீட்டர் அளவு, உடைந்தபோது இருந்த தண்ணீர் 8 லட்சம் கன மீட்டருக்கும் குறைவு. நம் சட்டத்தின் அளவுகளில் ஒன்றைக்கூட அது எட்டவில்லை! அந்த விபத்துக்கு அடுத்த ஆண்டே ஜார்ஜியா தனிச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் இன்று ஒரு அணையை வகைப்படுத்தும்போது, அது உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் வருமா என்பதையே முதலில் பார்க்கிறார்கள். நம் சட்டத்தில் அந்தக் கேள்வியைச் சேர்க்க என்ன தடை?

மழையும் பழைய மழை இல்லை. 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திறந்து கிடக்கும் கலிங்கே அதைத் தாங்குமா என்பது சந்தேகம், அடைத்து வைத்த கலிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தால் மண் அணை நிற்காது.

உரிமையாளர்கள் "இயற்கைச் சீற்றம்" என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வேக்குச் சேதம் வந்த வழக்கில், 1874-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விடுவித்தது உண்மைதான். ஏரிகள் ஊர் பிழைக்க வேண்டியவை, அவற்றைப் பராமரிப்பது அவர் கடமை, அதில் அவர் அலட்சியம் காட்டவில்லை என்பதே அதற்குக் காரணம். படகு விடுவதற்காகக் கலிங்கை அடைத்தவருக்கு இதில் எது பொருந்தும் என்று தெரியவில்லை.

சட்டத் திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும், சரி. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இடிந்து விழுந்து அக்கம்பக்கத்தாருக்குக் காயம் விளைவிக்கக்கூடிய கட்டுமானத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு கோட்டாட்சியருக்கு அதிகாரம் தருகிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆக இருந்ததுதான். அவர் நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு மேலே வரட்டும். கலிங்கில் உள்ள பலகைகளை முதல் வேலையாக எடுக்கச் சொல்லட்டும். நீர்மட்டம் இறங்கிய பிறகு பின்கரையை நிதானமாக ஆராயலாம். எஸ்டேட்டின் செலவிலேயே இதைச் செய்யலாம், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை ஊழியர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)