தேதி சொல்லாதவர்களுக்கு நன்றி

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துக் குழந்தைகள் இல்லங்களின் ஆயாம்மாக்களுக்கும், வார்டன் அம்மாக்களுக்கும், கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்த அண்ணன்மாருக்கும் வணக்கம்.

ஆறு, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளைத் தத்தெடுக்க வெளிநாட்டில் காத்திருந்த குடும்பங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. பிள்ளையின் பெயரும் இல்லத்தின் பெயரும் இதில் வராது. சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பெயரைப் போட்டாலும் பிள்ளை யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும், அதனால் அதையும் விட்டுவிட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் நன்றி, தேதி சொல்லாத ஆயாம்மாக்களுக்கு. ‘எங்கம்மா எப்ப வருவாங்க?’ என்று பத்துத் தபா கேட்கும் பிள்ளையிடம் ‘பொங்கலுக்கு’ என்று சொல்லிவிடுவது எளிது. பொங்கல் வரும், அம்மா வரமாட்டார். பிறகு ராத்திரி பாய் நனையும், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம் வரும், வீடியோ அழைப்பில் முகம் திரும்பிக்கொள்ளும். நீங்கள் தேதிக்குப் பதிலாக இடத்தைச் சொன்னீர்கள். ‘உன் பேப்பர் இப்ப டெல்லில கீது.’ ‘இப்ப கலெக்டர் ஆபீஸ்ல கீது.’ சுவரில் ஐந்து கட்டம் போட்டு, அப்பா அம்மா சம்மதக் கையெழுத்து, டெல்லியின் தடையின்மைச் சான்று, கலெக்டர் ஆணை, பாஸ்போர்ட், விசா என்று ஒவ்வொன்று முடிந்தபோதும் பிள்ளை கையாலேயே வண்ணம் அடிக்கவைத்தீர்கள். ஒரு கட்டம் மூன்று மாதம் வெள்ளையாகவே இருந்தாலும் அது பொய் ஆகாது.

அந்தக் கட்டங்களை நகர்த்தியவர்களுக்கு அடுத்த நன்றி. டெல்லியில் இருக்கும் மத்திய தத்துவள ஆணையத்தை எல்லோரும் ‘காரா’ என்றுதான் சொல்கிறோம். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது. அதன்படி, தத்தெடுக்கும் பெற்றோர் வசிக்கும் நாடு 5, 17-ஆம் விதிகளின் கீழ் சம்மதம் அனுப்பிய பிறகே காரா தடையின்மைச் சான்று தரும். அதன்பின் கோப்பு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போகும். 2022 செப்டம்பருக்கு முன்பு தத்து ஆணை நீதிமன்றத்தில் கிடைத்தது. இப்போது கலெக்டர் தருகிறார். மனு கொடுத்த இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். குறையுள்ள கோப்பு திரும்பி வந்தால் அந்த நாட்கள் வீண். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. அங்கே பிள்ளையின் குடியேற்றத்துக்காகக் கொடுக்கும் ஐ-800 படிவத்துக்குத் தற்காலிக ஒப்புதல் வருமுன் இங்கே ஆணை வாங்கிவிடக் கூடாது. இங்கே 18 வயது வரை தத்து கொடுக்கலாம், ஆனால் அந்தப் படிவம் பொதுவாக 16 வயது நிறைவதற்குள் போயாக வேண்டும். பெரிய பிள்ளைகளின் கோப்பை மேலே எடுத்து வைத்த அலுவலர், இது தெரிந்துதான் வைத்தார்.

கோப்பு திரும்புவது பெரும்பாலும் பிறந்த தேதியால். கைக்குழந்தைக்கு ஒரே காகிதம்; பெரிய பிள்ளைக்கு ஐந்தாறு. பள்ளிப் பதிவேட்டில் சேர்க்கைக்கு வசதியாக எழுதிய தேதி ஒன்று, ஆதாரில் ஒன்று, இல்லத்தின் பதிவேட்டில் ‘சுமார் 4 வயது’. பெயரிலும் அப்படித்தான்: ஒன்றில் இனிஷியல் உண்டு, இன்னொன்றில் இல்லை, ஆங்கிலத்தில் ‘ஒய்’ வரும் இடத்தில் ‘ஐ’. வயதுக்கு முதலில் பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் மாநகராட்சிப் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை என்று 94-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது. அந்த வரிசைப்படி குழந்தைகள் நலக் குழுவில் தேதியை முதலிலேயே உறுதி செய்துகொண்டு, பள்ளி, ஆதார், மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் அதற்கு ஒப்பாகத் திருத்தி வைத்த வார்டன் அம்மாவுக்குக் கைகூப்புகிறோம். கலெக்டர் ஆணையில் இருக்கும் தேதிதான் புதிய பிறப்புச் சான்றுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும். தவறு அங்கே ஏறிவிட்டால் இறக்குவது பெரும் பேஜார்.

மூன்று வருடத்துக்கு முன் எடுத்த புகைப்படமும் எடையும் போதாது என்று புதிதாக அளந்து அனுப்பிய செவிலியருக்கும் நன்றி. காசநோய்ப் பரிசோதனையை விசா வேளைக்குத் தள்ளிவைக்காமல் முன்னதாகவே பார்க்கச் சொன்னவரும் அவர்தான். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளைக்குத் தோலில் செய்யும் மான்டூ பரிசோதனை நோய் இல்லாமலும் வீங்கலாம். ரத்தத்தில் செய்யும் இக்ரா பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து சளியை வளர்த்துப் பார்க்கச் சொன்னால் இரண்டு மாதம் வரை போகும். பயணச்சீட்டு போட்ட பிறகு அது தெரிவது கொடுமை.

இனி மொழி. எங்களில் பலர் வீட்டில் பேசுவது வேறு தமிழ். சிலருக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான் வரும். அதைப் புரிந்துகொண்டு ஓர் ஆயாம்மா நோட்டுப் புத்தகத்தில் எழுதி அனுப்பினார்: ‘நாஷ்டா’ என்றால் காலைச் சாப்பாடு, ‘துண்ணேன்’ என்றால் சாப்பிட்டேன், ‘குந்து’ என்றால் உட்கார். நான்காவது வரி பொன்னானது: ‘ஒண்ணுமில்ல என்று சொன்னால் ஏதோ இருக்கிறது.’ அடுத்த பக்கத்தில் பருப்பு: துவரம்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் ஒன்றரை, பூண்டு 4 பல், தக்காளி 1, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, 4 விசில்; உப்பு இறக்கிய பிறகு. இன்னொரு நாட்டின் குளிரில் முதல் இரண்டு வாரம் வேறெதையும் தொடாத பிள்ளைகள் இந்தப் பருப்புச் சோற்றைத் தின்றார்கள். ராத்திரி எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும், கழிவறை விளக்கு எரிய வேண்டுமா, யார் பெயரைச் சொன்னால் அழும் என்பதும் அதே நோட்டில் இருந்தது. எந்த அரசு அறிக்கையிலும் இதற்குக் கட்டம் இல்லை.

பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே பையில் வைத்த ஆயாம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதுசு வாங்கித் தருகிறோம் என்று எங்களில் சிலர் எழுதியிருந்தோம். ‘வாசனை போயிடும்’ என்று மட்டும் பதில் வந்தது. புதுத் துணியின் பகட்டைவிட அந்த வாசனை விமானத்தில் அதிகம் உதவியது.

விதியில் உள்ள கட்டணத்துக்கு ரசீது கொடுத்தீர்கள். அதற்கு மேல் ஒரு மிட்டாய் டப்பாகூட வாங்கவில்லை. மற்றப் பிள்ளைகள் முன்னால் பரிசுப் பொட்டலம் பிரிக்க வேண்டாம் என்று எங்களைத் தடுத்ததும் நீங்களே.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று என ஆறு தொடர் அறிக்கைகள் எங்கள் முகமை வழியாகக் காராவுக்கு வரும். அவை உங்கள் கைக்கு வருமோ என்னவோ. அதனால் பக்கத்துப் பாயில் படுத்த சிநேகிதிக்கு எங்கள் பிள்ளைகள் எழுதும் கடிதங்களை இல்லத்தின் முகவரிக்கே அனுப்புகிறோம். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், ஆயாம்மா.

அன்புடன்,
கடல் தாண்டியிருக்கும் உங்கள் பிள்ளைகளின் வீட்டார்